மயிலையின் முதுகில் கையகலக் கறுப்பு

தம்பிதுரை சொந்த மாட்டைத் தானே கறந்து, அந்தப் பாலிலும் பால்மானியை விட்டுப் பார்க்கிற ஆள். மாடு எங்காவது தண்ணீர் கலக்குமா என்று யாராவது சிரித்தால், "கலக்காதுன்னு நீங்க கூட இருந்து பாத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி, மீட்டருக்கு நேராக மூக்கை வைத்துக்கொண்டு நிற்பார். ஜவுளிக்கடையில் வேட்டி எடுத்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் கொளுத்தி முகர்ந்து பார்த்த பிறகுதான் பையைத் திறப்பார். கோயிலில் பூசாரி கொடுக்கும் திருநீறுகூட நெற்றிக்குப் போகுமுன் அவர் விரலிடுக்கில் ஒரு தரம் நசுங்கும்.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில் அவருக்கு ஒரு தேங்காய் எண்ணெய் மில் இருக்கிறது. பெரிய மில் இல்லை. தேங்காய்ப் பருப்பு காய ஒரு களம், ஒரு கொட்டகை, ஓயாமல் ஓடும் ஒரு மெஷின், அவ்வளவுதான். லோடு வந்து இறங்கினால் மேல் மூட்டைகளை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. அடி மூட்டைக்குள்தான் கையை விடுவார். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. எப்போதாவது ஒரு தரம் ஈரப்பருப்பு அகப்பட்டுவிடும். அந்த ஒரு தரம் போதும், அடுத்த ஒரு வருஷத்துக்கு ஊரையே சந்தேகிக்க.

இந்தக் குணம் வானத்திலிருந்து குதித்ததல்ல. சின்ன வயதில் அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போனவர் அவர். அப்பா ஆசை ஆசையாக ஒரு மயிலைக் காளையை ஓட்டிவந்தார். வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறத்தைத்தான் மயிலை என்பார்கள்; அதிலும் திமில் கறுத்த காளைக்குத் தனி மவுசு. வந்த வாரமே மழை பிடித்தது. நனைந்த காளையின் திமிலிலிருந்து கறுப்பு வழிந்து விலாவில் கோடு கோடாக இறங்கியது. யாரோ சாயம் பூசி விற்றிருந்தார்கள். காளை ஒன்றும் மோசமில்லை, உழைக்கிற காளைதான். ஆனாலும் அப்பா அதன் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஊர் சிரித்தது. அன்றிலிருந்து தம்பிதுரை எந்தப் பிராணியின் நிறத்தையும் நம்புவதில்லை.

அதனால்தான் மகள் வர்ஷினி, கோயமுத்தூரில் படிக்கும்போது, ஒரு பெர்சியன் பூனைக்குட்டியைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அவர் செய்த முதல் காரியம் ஈரத்துணியால் அதன் முகத்தை அழுத்தித் துடைத்தது. உடம்பெல்லாம் பாலாடை நிறம். மூக்கு, காது, கால், வால் மட்டும் புகை பிடித்ததுபோல் பழுப்பு. கண் இரண்டும் நீலம்.

"பெர்சியன்லயே இது ஒரு கலருங்கப்பா. ஹிமாலயன்னு பேரு. ஹாஸ்டல்ல வெக்க உடமாட்டீங்கறாங்க" என்றாள் வர்ஷினி.

துணியில் எதுவும் ஒட்டவில்லை. அப்புறம் மாட்டுக்குப் பார்ப்பதுபோல் சுழி பார்க்க ஆரம்பித்தார். முடி மண்டிக்கிடந்த அந்த உடம்பில் சுழியைத் தேடிக் கண்டுபிடிக்க அவர் விரல் நெடுநேரம் அலைந்தது. குட்டி அதைக் கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டு குறுகுறுவென்று சத்தம் போட்டு, அவர் கையை நக்கியது. அத்தோடு ஆள் விழுந்தார்.

வர்ஷினி வைத்த 'லட்டு' என்ற பேரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நெறத்தைப் பாத்துப் பேரு வெய்யி" என்று மயிலை ஆக்கினார். மில்லில் எடைமேடைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு மெத்தென்ற சாக்கு போட்டார். உலகத்தில் தன் புருஷன் ஒரு நாள் சோதனையோடு விட்டு நம்பிய ஒரே ஜீவன் அந்தப் பெட்டைப் பூனைதான் என்று சாமியாத்தாள் சொல்வாள். கட்டின பெண்டாட்டிக்கு வாய்க்காத பாக்கியம் அது.

படிப்பு முடிந்ததும் வர்ஷினி, போத்தனூரில் ரயில்வே சிக்னல் வேலை பார்க்கும் அருண்குமாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். வேறு சாதி. தம்பிதுரை மாசக்கணக்கில் பேசாமல் இருந்தார். சாமியாத்தாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த பிறகு, இறங்கிவந்து கல்யாணத்தை நடத்திக் கொடுத்தார். கொடுத்தாரே தவிர, மாப்பிள்ளையை அவர் அடி மூட்டைப் பருப்பாகவே பார்த்தார். பையன் பேசாமல் இருந்தால் எதையோ மறைக்கிறான். பேசினால் பூசி மெழுகுகிறான். போகும்போது வர்ஷினி பூனையைக் கேட்டாள். "பொண்ணைக் குடுத்தாச்சு. பூனையையும் குடுக்கோணுமா?" என்றுவிட்டார்.

அந்தப் பூனையையும் கடைசியில் கொடுக்கவேண்டி வந்தது. கார்த்திகையில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். புண் ஆறாமல் ஆஸ்பத்திரியிலேயே இழுத்துக்கொண்டு போனது. முழுக்க ஆறுகிற வரைக்கும் பூனை முடி பக்கத்தில் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் மயிலை போத்தனூருக்குப் போனது. வர்ஷினி அப்போது மாசமாக இருந்தாள். அவளுக்கு மார்கழிக் குளிரிலும் வேர்த்து ஊற்றும் என்று படுக்கையறையில் ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. பூனையும் அந்த அறையில்தான் கிடந்தது.

மாசியில் அருண்குமார் பூனையைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினான். தம்பிதுரை ஆசையாகக் கூடையைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது.

முகம் கன்னங்கரேலென்று இருந்தது. போகும்போது மூக்கோடு நின்ற பழுப்பு இப்போது நெற்றிவரை ஏறியிருந்தது. அதைவிட, வாலுக்குக் கொஞ்சம் மேலே, முதுகில், கையகலத்துக்கு ஒரு கறுப்பு. பூனை அவரைப் பார்த்தது, பிறகு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"முதுகுல என்னுங் மாப்ளை அது?"

அருண்குமார் கூடையின் வாரை மடித்துக்கொண்டிருந்தான். "முடி கொட்டி மொளச்சதுங் மாமா. அந்த எடம் மட்டும் கறுப்பா வந்துருச்சு" என்றான். சொல்லும்போது அவன் கண் கூடையைவிட்டு மேலே வரவில்லை. இதற்கெல்லாம் தம்பிதுரைக்கு மூக்கில் வேர்த்துவிடும். அன்றைக்கு நன்றாகவே வேர்த்தது.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். காங்கேயம் கன்று செவலையாய்ப் பிறக்கும், சில மாசத்தில் வெளுக்கும். காளை வளர வளரத் திமிலும் தோளும் கறுக்கும். பசு மட்டும் ஒருதரம் வெளுத்தால் வெளுத்ததுதான், கறுப்பு ஏறாது. வாழ்நாளெல்லாம் மாடு பார்த்தவருக்கு இது மனப்பாடம். மயிலை பெட்டை. பெட்டைக்குக் கறுப்பு எப்படி ஏறும்? மாட்டுக்கு உள்ள நியாயம் பூனைக்கும் பொருந்துமா என்று ஒரு நிமிஷம்கூட அவர் தன் கணக்கின்மேல் சந்தேகப்படவில்லை. அது ஒன்றைத்தான் அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"பூனையைத் தொலைச்சுப்போட்டாங்க. அதாட்டவே இன்னொண்ணை வாங்கி நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றார் சாமியாத்தாளிடம்.

"ஏனுங்க, அதே பூனைதானுங்க. கண்ணைப் பாருங்க."

"அந்த ஜாதிக்கே கண்ணு நீலந்தான்."

"அது எதுக்குங்க மாத்தறாங்க? தொலைஞ்சா தொலைஞ்சுதுன்னு சொல்லீட்டுப் போறாங்க."

சாமியாத்தாள் மகள் கட்சி என்பதால் அவள் சாட்சியம் அங்கேயே தள்ளுபடியானது. அவர் போனை எடுத்து வர்ஷினியைக் கூப்பிட்டார். முதுகைப் பற்றிக் கேட்டார். "அது… சும்மாதானுங்கப்பா. முடி அப்படி வந்துருச்சு" என்றாள். அந்த 'அது'வுக்கும் 'சும்மா'வுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அவர் பிடித்துக்கொண்டார். தன் மகளையும் பொய் சொல்லப் பழக்கிவிட்டான் என்ற எண்ணம் வந்தபோது, பூனை போன துக்கத்தைவிட அது பெரிதாக வலித்தது.

மறுநாளே கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். உக்கடத்தில் வர்ஷினி குட்டி வாங்கிய கடையின் முதலாளி கலீல் ரஹ்மான், போனில் இருந்த படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"ஏசி ரூம்ல இருந்துச்சுங்களா? அப்ப இப்படித்தாங்க ஆகும். இந்த வகையில குளிர் பட்ட எடம் கறுக்கும், சூடா இருக்கற எடம் வெளுப்பா நிக்கும். அதனாலதான் மூக்கு, காது, காலு, வாலு எல்லாம் கறுப்பு. முதுகுல யாராவது முடியை வழிச்சு எடுத்திருப்பாங்க. தோலு குளிர்ந்து, அந்த எடம் கறுப்பா மொளச்சிருக்கும். வெயில் காலத்துல முடி உதிர்ந்து புதுசு வந்தாச் சரியாப் போயிருங்க."

தம்பிதுரை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். காதில் பூ சுற்றுகிறான் என்று மனசு சொன்னது. உடம்பு முழுக்க ஒரே பூனை, இடத்துக்கு இடம் சீதோஷ்ணம் பார்த்து நிறம் மாறுமாம்!

"இதாட்ட பூனை வேற வெச்சிருக்கீங்களா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"இப்ப இல்லீங்க. ஒண்ணு இருந்துச்சு, போத்தனூர்க்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க."

போத்தனூரில் எத்தனையோ வீடு, எத்தனையோ பேர். தம்பிதுரை வேறு யாரையும் நினைக்கவில்லை. யாரு வாங்கினது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கலீல் பேரைச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. விற்றவனே இவன்தானே, இவன் எப்படி உண்மையைச் சொல்வான்? கையும் களவுமாகப் பிடித்த திருப்தியோடு ஊர் திரும்பினார்.

பங்குனியில் வர்ஷினிக்கு ஒன்பது மாசம். கட்டுச்சோறு வைத்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டில் விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்கு அழைத்துவரும் நாள் அது. சாமியாத்தாள் வடக்கு அறையை வெள்ளையடித்து, தொட்டில் கயிறுகூட வாங்கி வைத்திருந்தாள். காரில் சோற்றுப் பாத்திரங்களுக்கு நடுவே தம்பிதுரை ஒரு கூடையையும் ஏற்றினார். உள்ளே பூனை.

"இது எதுக்குங்க?" என்று சாமியாத்தாள் கேட்டாள். அவர் கார்க் கதவை அடித்துச் சாத்தினார்.

போத்தனூர் மாடி வீட்டில் இரண்டு பக்கத்துச் சனமும் நிறைந்திருந்தது. வர்ஷினி இரண்டு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்தாவது மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். கூடையைக் கொண்டுபோய் நடு ஹாலில் வைத்துத் திறந்தார்.

"மாப்ளைங்க, உங்க பூனையை நீங்களே வெச்சுக்கோங்க. என்ர பூனையைக் குடுங்க."

பந்தி பரிமாறப் போனவர்கள் நின்றார்கள். அருண்குமாரின் அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருண்குமார் முன்னால் வந்து நின்றான்.

"அதே பூனைதானுங் மாமா. ஒண்ணை மறச்சுப்போட்டேன், அது தப்புத்தான். வந்த வாரமே சன்ஷேடுல இருந்து கீழ விழுந்துருச்சு. கம்பி கிழிச்சுப்போட்டுது. டாக்டர் முடியை வழிச்சுத் தையல் போட்டாரு. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க, அதான் சொல்லலை."

"ஊட்டுக்கு வந்தப்பறம் சொல்றதுக்கு என்னுங்?"

"சொன்னா நம்பமாட்டீங்கன்னு பயந்துட்டனுங்."

"இப்ப மட்டும் நம்போணுமாக்கு?"

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூட விருந்து முடிந்து, மகள் காரில் ஏறியிருப்பாள். தம்பிதுரை நிறுத்தவில்லை. இத்தனை நாள் உள்ளே ஊறிக்கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"பூனையை மாத்துன கை. நாளைக்கு வேற எதை மாத்துமோ, யாரு கண்டா?"

வர்ஷினி நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். வளையல்கள் குலுங்கின.

"அப்பா, அந்தக் கூடையை எடுத்துட்டு நீங்க கெளம்புங்க. நான் வரலீங்."

"கண்ணு, நான் உன்னையச் சொல்லலை."

"எங்கூட்டுக்காரரைச் சொன்னா என்னையச் சொன்னாப்பலதானுங். நானுந்தான் மறச்சேன். என்னையவும் கேளுங்க."

அவர் சாமியாத்தாளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. "எம்புள்ளைக்குப் பேறுகாலம். நான் இங்கயே இருந்துக்கறனுங்க" என்று மகள் பக்கத்தில் போய் நின்றாள். கார் திரும்பும்போது அதில் அவரும் டிரைவரும் பூனையும் மட்டுந்தான் இருந்தார்கள்.

சித்திரையில் வர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சாமியாத்தாள் போனில் சொன்னாள். "வாரேன்" என்று அவரும் சொல்லவில்லை, "வாங்க" என்று அவளும் சொல்லவில்லை. தொட்டில் கயிறு பிரிக்காமல் வடக்கு அறையில் கிடந்தது.

அவரும் பூனையும் மட்டும் வீட்டில். வேற்றுப் பூனை என்று முடிவு கட்டிவிட்டாலும் பட்டினி போட மனசு வரவில்லை. வேளாவேளைக்குச் சோறும் மீனும் வைத்தார். காங்கேயத்து வெயில் அந்த வருஷம் ஆளை வறுத்தது. பூனைக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, வீடெல்லாம் பறந்தது. வைகாசி பிறந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். முதுகுக் கறுப்பு சுருங்கிக்கொண்டு வந்தது. கறுப்புக்கு அடியிலிருந்து பாலாடை நிறம் முளைத்து வந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உண்மை தெரிந்திருக்கும். தம்பிதுரைக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? மாப்பிள்ளைக்கு மனசு உறுத்தி, யாரையோ விட்டுப் பூனையைத் திரும்ப மாற்றி வைக்கிறான் என்று! கதவுக்கெல்லாம் புதுப் பூட்டு வாங்கினார். நிலைப்படியில் கோலமாவைத் தூவி, விடிந்ததும் குனிந்து தடம் பார்த்தார். பூனைத் தடம் இருந்தது. அதை மிதித்துக் கலைத்த அவருடைய தடமும் இருந்தது. வேறு எதுவும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாலும் நிறம் அதுபாட்டுக்கு அவர் கண்ணெதிரே மாறிக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம், சிக்கெடுக்கலாம் என்று மடியில் போட்டுச் சீப்பால் முதுகை வாரினார். மிச்சமிருந்த கறுப்பு முடி சீப்போடு வந்துவிட்டது. கீழே தோலில், விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். கம்பி கிழித்த இடம். அதன்மேல் இப்போது பழைய மயிலையின் நிறம் வந்துகொண்டிருந்தது.

சீப்பைக் கீழே வைத்துவிட்டார். ஒரே பூனை. கார்த்திகையில் போனதும் இதுதான், மாசியில் வந்ததும் இதுதான். அந்தப் பையன் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. ஒன்பது மாசக்காரி, வளையல் போட்ட கையோடு, நாலு பேர் முன்னால் எழுந்து நின்றது கண்ணுக்குள் வந்து வந்து போனது. பூனை ஒன்றும் தெரியாமல் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பஸ் ஏறிப் போத்தனூர் போனார். அருண்குமார்தான் கதவைத் திறந்தான். ஒரு விநாடி திகைத்துவிட்டு, "வாங் மாமா, உக்காருங்க" என்றான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். தம்பிதுரை குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"மாப்ளை, தழும்பைப் பாத்தனுங். எம்மேலதான் தப்பு. பேசக்கூடாத பேச்சைப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவால்லீங் மாமா" என்றான் அவன். அவன் அப்படிச் சொல்லக்கூடியவன்தான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே வர்ஷினி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமியாத்தாள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது அவர்கள் இருவர் காதிலும் விழுந்திருக்கும். குழந்தை ரோசாப்பூவாகச் சிவந்து, கையை மூடிக்கொண்டு தூங்கியது.

"கண்ணு" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

வர்ஷினி கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"இப்ப செவந்து கெடக்கறாங்கப்பா. இன்னும் ரண்டு மாசத்துல இந்த நெறம் நிக்காது, அவிய அப்பன் நெறத்துக்கு வந்துருவான்னு அத்தை சொல்றாங்க. அப்ப நீங்க வந்து பாத்துட்டு, என்ர பேத்தியை மாத்திப்போட்டீங்கன்னு கேப்பீங்களா?"

சாமியாத்தாளின் கை துணியோடு நின்றது. தம்பிதுரை நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார். கேட்கமாட்டேன், செத்தாலும் கேட்கமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொன்னால் அவள் நம்பவேண்டுமே என்ற பயம் வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு வந்தது. வர்ஷினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.